அக்கா வீட்டுச் சமையல்கட்டு மூலை

வீடு தூக்குகிறவர் என்று சொன்னால், முதல் தடவை கேட்கிற யாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "தூக்கி எங்கே கொண்டுபோய் வைப்பார்?" எங்கேயும் கொண்டுபோக மாட்டார். நிற்கிற இடத்திலேயே, கதவு, ஜன்னல், பரண், குழாய் எல்லாவற்றோடும் மூன்றடியோ நாலடியோ மேலே ஏற்றி வைப்பார். அவ்வளவுதான் வேலை. சொல்லும்போது அவ்வளவுதான், செய்யும்போது உயிர் போய் உயிர் வரும்.

தெருவுக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுவிட்டுப் போகிறார்கள். தெரு வளர்கிறது, வீடு வளர்வதில்லை. போதாக்குறைக்கு மழையின் குணமும் மாறிவிட்டது. முன்பு ஒரு மாதம் முழுக்க நசநசவென்று பெய்ததை இப்போது ஒரே பகலில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. இறங்குகிற வீட்டுக்குத் தண்ணீர் கூப்பிடாமலே வரும். அந்த வீட்டுக்காரர்கள்தான் நம் ஆளைத் தேடி வருவார்கள்.

நம் ஆளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டையோடு சரி. ஊருக்கெல்லாம் அவர் கால்சுத்து. சுவருக்கு அடியில் பள்ளம் தோண்டி, செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்து, அந்த இடைவெளியில் இரும்புச் சட்டம் செருகி, அதற்குக் கீழே ஒன்றரை அடிக்கு ஒரு ஜாக்கி வைப்பார்கள். நடுத்தரமான வீட்டுக்கு நூற்றெண்பது ஜாக்கி. இருபது பேர், ஆளுக்கு ஒன்பது. இவர் வாசலில் நின்றுகொண்டு "கா...ல் சுத்து!" என்று குரல் கொடுப்பார். ஒவ்வொருவரும் தன் ஒன்பது ஜாக்கியையும் கால் வட்டம் திருப்பிவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். இருபது கையும் எழுந்த பிறகுதான் அடுத்த குரல். எவனாவது வீட்டு ஞாபகத்தில் அரை வட்டம் சுற்றிவிட்டானோ, சுவர் படீரென்று வாயைப் பிளக்கும். அதற்கு முன்னாலேயே இவர் வாயைப் பிளந்து கத்திவிடுவார்.

மனைவிக்கு ட்யூப் பிடிக்கிற வேலை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற நீளமான ட்யூபில் தண்ணீரை நிரப்பி, மூலைக்கு மூலை கொண்டுபோய்ப் பிடித்து, சுவரில் போட்ட பென்சில் கோடும் தண்ணீரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். அவள் "ஒத்துக்கிச்சு" என்று சொல்லாமல் இவர் வாய் திறக்க மாட்டார். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

இந்த நிதானம் அவர் ரத்தத்திலேயே ஊறிப்போனது. சாப்பிட உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம். அவர் பல் தேய்த்து முடிப்பதற்குள் மற்றவர்கள் குளித்துவிட்டு வந்துவிடலாம். "என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கே இந்த மனுஷன் நாலு வருஷம் எடுத்துக்கிட்டாரு," என்பாள் மனைவி. "முதல் வருஷம் பேரு கேட்டாரு. ரெண்டாவது வருஷம் டீ வாங்கிக் கொடுத்தாரு. மூணாவது வருஷம், டீ சூடா இருக்கான்னு கேட்டாரு." அப்போது அவள் சித்தாள், அவர் கொத்தனார். நாலாவது வருஷம் என்ன சொன்னார் என்று கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

எவ்வளவு உயரம் தூக்குவது என்பதில்தான் அவருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் மல்லுக்கட்டு. "போன வருஷம் தண்ணி முட்டி வரைக்கும் வந்துச்சு. ரெண்டடி தூக்கினாப் போதும்," என்பார்கள். "போன வருஷத் தண்ணி அடுத்த வருஷத் தண்ணிக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுமா சார்?" என்பார் இவர். சுவரில் கடைசி மழையின் கறை எங்கே நிற்கிறதோ அதற்கு மேல் இரண்டடி. அதற்குக் குறைவென்றால் வண்டியிலிருந்து ஜாக்கியை இறக்கவே விடமாட்டார். "இத்தனை படி யாருங்க ஏறுறது?" என்று சலித்துக்கொண்ட ஒரு வாத்தியாரிடம், "நீங்க ஏறணும், இல்லேன்னா தண்ணி ஏறும். யாராவது ஒருத்தர் ஏறித்தானே ஆகணும்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். வாத்தியார் பேசாமல் சம்மதித்தார்.

தொண்ணூற்றாறு வீடு தூக்கியிருக்கிறார். ஒன்றில்கூடச் சுவர் பிளந்ததில்லை. ஆனால் அந்தத் தொண்ணூற்றாறில் அவருடைய அக்கா வீடு இல்லை.

அக்கா அவரைவிட ஆறு வயது பெரியவள். அப்பாவும் அம்மாவும் விடிந்தால் வேலைக்குப் போய்விடுவார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் வளர்ந்தாள். இன்றைக்கும், ஐம்பத்தாறு வயதாகித் தலை முழுக்க நரைத்த தம்பி வாசலில் வந்து நின்றால், "சாப்பிட்டியா? என்னடா இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்றுதான் ஆரம்பிப்பாள். இவர் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, "இல்லேக்கா, நல்லாத்தான் இருக்கேன்," என்பார்.

அந்த வீட்டைக் கட்டியதே அவர்தான். முப்பது வயதில், சொந்தமாக எடுத்துச் செய்த முதல் வேலை. அக்காவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. யார் வந்தாலும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுவாள். "என் தம்பி கட்டின வீடு. இருபத்தாறு வருஷம் ஆச்சு. எங்கேயாவது ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்!" வந்தவர்களும் மரியாதைக்குச் சுவரை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்த நேரத்தில் இவர் அங்கே இருந்தால், செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே போய்விடுவார். தன்னடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தன்னடக்கமா? எதற்காக ஓடுகிறார் என்பது அவருக்கல்லவா தெரியும்!

அத்தான் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, சக்கர நாற்காலிதான். "ரைட் சைடு ஃபுல்லா பிரேக்டவுன் மாப்ளே. லெஃப்டை வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன்," என்று நல்லா இருக்கிற இடது கையால் தொடையைத் தட்டிச் சிரிப்பார். அக்கா அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்துவாள். தெருவில் போகிற வண்டிகளையெல்லாம் திட்டிக்கொண்டிருப்பது அவர் பொழுதுபோக்கு.

மூன்று மழைக்கு முன்னால் தண்ணீர் முதல் தடவையாக அந்த வீட்டு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. "எப்படா நம்ம வீட்டைத் தூக்கப் போறே?" என்று அக்கா அன்றைக்கே கேட்டாள். மண் ஈரமாக இருக்கிறது, காயட்டும் என்றார். மண் காய்ந்தது. ஜாக்கியெல்லாம் வேறு வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார். ஜாக்கி திரும்பி வந்தது. வெயில் கொளுத்துகிறது, கொஞ்சம் தணியட்டும் என்றார். வெயில் எங்கே தணிகிறது இந்தக் காலத்தில்! அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்து கணுக்காலை நனைத்தது. அப்போதும் ஒரு சாக்குப்போக்கு. "ஊர் வீட்டையெல்லாம் தூக்கி நிறுத்திட்டு, கூடப் பொறந்தவ வீட்டை மட்டும் குழியிலே விட்டிருக்காரு பாரு," என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அக்கா விட்டுக்கொடுக்க மாட்டாள். "அவனுக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லே. என் வீட்டுக்கு என்ன அவசரம்? அது அவன் கட்டினது, கல்லு மாதிரி நிக்கும்," என்று வாயை அடைத்துவிடுவாள்.

போன மழையில் அந்தப் பேச்சுக்கும் வழியில்லாமல் போயிற்று. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. உச்சிப்பொழுதுக்குள் தெரு ஆறாகிவிட்டது. இவர் ஊரின் அடுத்த கோடியில் ஒரு வேலையில் இருந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நடந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்து மேஜை மேல் அத்தானைப் படுக்க வைத்திருக்கிறாள். தண்ணீர் அவள் தொடை வரை நிற்கிறது. மேஜை மிதக்கப் பார்த்திருக்கிறது. சுவரோடு சேர்த்துத் தள்ளி, இடுப்பால் முட்டுக்கொடுத்து ஐந்து மணி நேரமாக நின்றுகொண்டிருக்கிறாள்.

"வந்துட்டியா? நல்ல வேளை," என்றாள் அக்கா. "இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. நான் போய் டீ போட்டுட்டு வரேன்."

அடுப்பு தண்ணீருக்குள் இருந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

"மாப்ளே, நான் பஸ்தான் ஓட்டியிருக்கேன், போட் ஓட்டத் தெரியாதுன்னு எவ்வளவு சொல்லியும் உங்க அக்கா கேக்கலே," என்றார் மேஜை மேலிருந்து அத்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை.

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் விரல்கள் ஊறி வெளுத்துச் சுருங்கிப்போயிருந்ததை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் பத்து நாள் வாய் திறக்கவில்லை மனுஷன். ஒரு நாள் காலையில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து ஜாக்கிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஜாக்கிக்கு நாலாவது தடவையாக எண்ணெய் விடுவதைப் பார்த்து மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, எங்கே சிக்கிக்கிட்டிருக்கு?"

"ஜாக்கியா? இது நல்லாத்தான் சுத்துது."

"ஜாக்கியை யாரு கேட்டா? உங்களைக் கேக்குறேன். அந்த வீட்டுலே என்ன இருக்கு?"

சுற்றி வளைத்து, மென்று விழுங்கி, அரை மணி நேரத்தில் சொல்லி முடித்தார். அஸ்திவாரத்துக்கு மேலே, சுவர் எழுப்புவதற்கு முன்னால், வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே வளையமாகக் கான்கிரீட் போடுவார்கள். பெல்ட் என்று பெயர். இடுப்புக்குப் பெல்ட் மாதிரி அது வீட்டை இறுக்கிப் பிடிக்கும். அக்கா வீட்டுக்கு அந்தப் பெல்ட் போட்ட நாளில், மழையே பெய்யாத மாதத்தில், மூன்று மணிக்கு வானம் கிழிந்து கொட்டிவிட்டது. போட்ட கலவையைத் தார்ப்பாயால் மூடிக் காப்பாற்றியாயிற்று. சமையல்கட்டு மூலையில் மட்டும் நாலடி பாக்கி. கலந்து வைத்திருந்தது கரைந்து ஓடிவிட்டது, சிமெண்ட் மூட்டையும் நனைந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனார். மறுநாள் விடிந்ததும் செங்கல் லாரி வந்து நின்றது. அக்கா வாடகை வீட்டைக் காலி செய்யத் தேதி சொல்லியிருந்தாள். முதல் வேலை. கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க வேண்டும். அந்த நாலடியையும் செங்கல்லாலேயே கட்டி, மேலே பூசி மறைத்துவிட்டார்.

"இருபத்தாறு வருஷமா ஒரு கீறல்கூட விழலே. அதனாலே சரியாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்," என்றார். "இப்பத் தூக்கணும்னா அங்கே தோண்டியாகணும். பெல்ட் இல்லாத இடத்திலே ஜாக்கி வெச்சா மூலை அப்படியே கழண்டு விழும். தோண்டினா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும்."

மனைவி எண்ணெய்க் கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தாள்.

"நாளைக்கே போய் அண்ணிகிட்டே சொல்லுங்க."

"சொல்லாமலே பண்ணிடலாம். முதல்லே அந்த மூலையைத் தோண்டி, விட்டுப்போன பெல்ட்டைப் போட்டு, சும்மா கூடுதல் பலத்துக்குன்னு சொல்லிட்டா..."

"சொல்லாம அந்த வீட்டுலே ஜாக்கி வெச்சீங்கன்னா, ட்யூப் பிடிக்க வேற ஆளைப் பார்த்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து உள்ளே போனாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஆட்களைக் கூட்டாமல், அவரும் மனைவியும் மட்டும் போனார்கள். அக்காவிடம் வேலை ஆரம்பம் என்று மட்டும் சொன்னார். அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தானின் நாற்காலியைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, "பாருங்க, தோண்ட ஆரம்பிச்சுட்டான்," என்று அவருக்குக் காட்டினாள். இவர் கடப்பாரையால் வெளிப்புறப் பூச்சைத் தட்டி எடுத்தார். பெல்ட்டின் சாம்பல் நிறம் தெரிந்தது. நாலு தட்டு தள்ளித் தட்டியதும் அது நின்றுபோய்ச் செங்கல் தெரிந்தது. கம்பி இரண்டு, துருப்பிடித்து, பாதியில் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டா இந்த மூலையிலே மட்டும் ஆரம்பிக்கிறே?" என்றாள் அக்கா.

பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. இங்கே மண் இளக்கம், கூடுதல் பலத்துக்கு என்று சொன்னால் போதும், முடிந்தது கதை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடப்பாரையைக் கீழே போட்டார்.

"அக்கா, இந்த நாலடிக்கு நான் பெல்ட் போடலே. அன்னைக்கு மழை வந்துடுச்சு. செங்கல்லை வெச்சு மூடிட்டேன். உன்கிட்டே சொல்லலே. இதனாலேதான் மூணு வருஷமா உன் வீட்டைத் தூக்காமச் சாக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

ஒரே மூச்சில் சொன்னார். கால் சுற்று, அரைச் சுற்று எல்லாம் இல்லை.

அக்கா அந்தத் துருப்பிடித்த கம்பியைக் குனிந்து பார்த்தாள். கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சமையல்கட்டுக்குள் போனாள். உள்ளே ஏதோ கனமான பொருளை இழுக்கிற சத்தம். "அண்ணி, நான் பிடிக்கிறேன்," என்று மனைவி ஓடினாள். இவரும் பின்னால் போனார். மூலையில் எப்போதும் நிற்கிற பாத்திர அலமாரியை அக்கா நகர்த்தியிருந்தாள். அதற்குப் பின்னால், கீழிருந்து ஆள் உயரத்துக்கு, சுவரில் ஒரு வெடிப்பு. மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் வெள்ளை சிமெண்ட், அதற்கு மேல் மறுபடி சுண்ணாம்பு என்று தடிமனாக மெழுகி, மறுபடி மறுபடி பிளந்திருந்தது. அலமாரிக்கு அடியில் ஒரு டப்பாவும் தேய்ந்துபோன பிரஷும் இருந்தன.

"குடிவந்து மூணாம் வருஷமே விழுந்துடுச்சு," என்றாள் அக்கா. "அடுப்புச் சூட்டுலே வெடிச்சிருக்கும், நான்தான் சரியாப் பார்த்துக்கலேன்னு நெனச்சேன். நீ வர்றேன்னு சொன்னா எனக்கு முதல் வேலை இதுதான். பூசிட்டு அலமாரியைத் தள்ளி வெச்சிடுவேன். நாலு பேரு பார்த்தா உன் பேரு கெட்டுப் போயிடுமேன்னு."

இவர் வெடிப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். கீறல் இல்லாத சுவர் தனக்குக் கிடைத்த மன்னிப்பு என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்! அவர் மறைத்ததை அக்கா உள்ளேயிருந்து மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் அவருக்காக.

"மழை வந்துச்சு, சரி. முப்பது வயசு, தெரியலே, சரி," என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "அதை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இவரை மேஜை மேலே போட்டுட்டு நான் அஞ்சு மணி நேரம் நின்னேனே, அன்னைக்கு உனக்குத் தெரியும்லே? வீட்டை ஏன் தூக்கலேன்னு உனக்குத் தெரியும்லே?"

"தெரியும்கா."

"தெரிஞ்சுதான் வந்து மேஜையைப் பிடிச்சே."

அத்தானின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

வெடிப்பையும் அந்த நாலடிச் செங்கல்லையும் சுத்தமாக எடுத்து, இரண்டு பக்கத்துப் பழைய பெல்ட்டிலும் துளை போட்டுப் புதுக் கம்பி செருகி, காலை ஆறு மணிக்கே, வெயில் ஏறுவதற்கு முன், கான்கிரீட் போட்டார். இனி இருபத்தெட்டு நாள் அது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால் போதும். இப்போது அடிக்கிற வெயிலுக்கு, நனைத்துப் போட்ட சாக்கு ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. தினமும் நாலு தடவை வந்து நனைப்பதென்று இவர் திட்டம் போட்டார். முதல் நாள் பத்து மணிக்கு வந்தால் சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பன்னிரண்டு மணிக்கும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு வாளி. மொண்டு ஊற்றுகிற குவளை. அக்கா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவள் தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தகவல் எல்லாம் அத்தான் வழியாக. "உங்க மச்சினன்கிட்டே டீ ஆறுதுன்னு சொல்லுங்க." "உங்க மச்சினன் வெயில்லே தொப்பி போடாம நிக்கிறாரு." ரெண்டடி தூரத்தில் இருக்கிற ஆளுக்கு இப்படி! "என்னம்மா இது, நான் என்ன கண்டக்டரா, எல்லா ஸ்டாப்பும் நானே கத்தணுமா?" என்று அத்தான் நொந்துகொள்வார். 'சாப்பிட்டியாடா?' என்ற கேள்வி இல்லாமல் இருபத்தெட்டு நாள் போனதில் இவர் உண்மையிலேயே இளைத்துப்போனார்.

வீட்டைத் தூக்கும்போது உள்ளே ஒரு ஈகூட இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அக்காவும் அத்தானும் அந்த நாட்களில் இவர் வீட்டில் தங்கினார்கள். அத்தானுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பாட்டுக்காரர் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, முதல் நாள் காலையில் அக்கா கிளம்பி வந்து, தோண்டிய பள்ளத்துக்கு அந்தப் பக்கம், சமையல்கட்டு மூலைக்கு நேர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தள்ளி நிற்கச் சொல்லி மனைவியை அனுப்பினார். பத்தடி தள்ளி நின்றாள். அதற்கு மேல் நகரவில்லை.

இருபது பேரும் ஜாக்கியில் கை வைத்துக் காத்திருந்தார்கள். இவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. தொண்ணூற்றாறு வீட்டுக்குக் குரல் கொடுத்த தொண்டை! செருமிக்கொண்டார். தண்ணீர் குடித்தார். "அண்ணே, ஆரம்பிக்கலாமா?" என்று ஒருவன் கேட்டான். மறுபடி செருமிக்கொண்டு, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உடைந்த குரலில், "கால் சுத்து," என்றார்.

இருபது கை எழுந்தது. மனைவி ட்யூபோடு வாசல் மூலைக்குப் போனாள், அடுத்த மூலைக்குப் போனாள், அதற்கடுத்த மூலைக்குப் போனாள். கடைசியில் சமையல்கட்டு மூலை. தண்ணீர் ஆடி அடங்க எப்போதும் ஆகிற நேரம்தான் அன்றைக்கும் ஆகியிருக்கும். அவருக்கு மட்டும் அது முடிவதாகவே இல்லை.

"ஒத்துக்கிச்சு!"

கறைக்கு மேல் இரண்டடி என்ற கணக்குப்படி நாலரை அடி. நாலு நாள் ஆயிற்று. வெயிலுக்குப் பயந்து காலை ஆறு முதல் பத்து, மாலை நாலு முதல் ஆறு என்று பிரித்து வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் அக்கா அங்கேயே நின்றாள். நாலாம் நாள் சாயங்காலம் கடைசிக் கைகள் எழுந்து இறங்கியபோது, சமையல்கட்டு மூலை மற்ற மூன்று மூலைகளுக்குச் சரியாக நின்றது. புதிதாக மயிரிழைக் கீறல்கூட இல்லை. அடுத்த பத்து நாளில் கீழே செங்கல் கட்டி ஜாக்கிகளை உருவினார்கள்.

சக்கர நாற்காலிக்குச் சரிவு மேடை போட்டால் நாலரை அடி உயரத்துக்கு ஐம்பது அடிக்கு மேல் நீளம் வேண்டும். வாசலில் இருப்பதோ பதினைந்தடி. வீட்டைச் சுற்றி மூன்று மடிப்பாக வளைத்துப் போடத் தரையில் கோடு போட்டு வைத்திருந்தார். அது முடிய இன்னும் இரண்டு வாரம் ஆகும். ஆனால் அத்தான் பொறுக்க மாட்டேன் என்றார். "மாப்ளே, என் ஜன்னல் எவ்வளவு ஒசந்திருக்குன்னு பார்க்கணும். இனிமே டபுள் டெக்கர்லேருந்து திட்டலாம்."

வாசலில் சாரப் பலகை இரண்டைச் சேர்த்துச் சாய்த்துப் போட்டிருந்தது, குறுக்கே கட்டை அடித்து. நாலு பேராக நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று ஆட்கள் வந்தார்கள். "கூட்டம் வேணாம்பா, சிங்கிள் டிரைவர் போதும்," என்றார் அத்தான். இவர் குனிந்து அத்தானை முதுகில் வாங்கிக்கொண்டார். அத்தானின் இடது கை அவர் கழுத்தைச் சுற்றியது. வராத வலது கையை அக்கா எடுத்து அவர் தோளில் வைத்து, கணவரின் முதுகில் தன் கையைக் கொடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள்.

பாதி வழியில் பலகை தொய்ந்தது. கட்டையில் வைத்த கால் சறுக்கியது.

"பாத்துடா!"

அக்காவின் குரல். எத்தனை நாள் ஆயிற்று! இவர் பலகை நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது எனக்கா, அவனுக்கா?" என்றார் அத்தான்.

"அவனுக்குத்தான்," என்றாள் அக்கா. "ஏண்டா நின்னுட்டே? எனக்குக் கோபம் இன்னும் போகலே, தெரிஞ்சுக்கோ. சீக்கிரத்திலே போகவும் போகாது. அதுக்காக நீ விழணும்னு இல்லே. நட."

"நடக்குறேன்கா. முன்னாடி ஒண்ணும் தெரியலே."

இரண்டு கையும் அத்தானின் காலைப் பிடித்திருந்தது, துடைத்துக்கொள்ளக் கையில்லை. அக்கா பின்னாலிருந்து எட்டித் தன் முந்தானை நுனியைக் கணவரின் இடது கையில் திணித்தாள். "அவன் கண்ணைத் துடைச்சு விடுங்க," என்றாள். அவளுக்கும் குரல் சரியில்லை.

அத்தான் தட்டுத்தடுமாறி, பாதி மூக்கையும் சேர்த்து, மச்சினனின் முகத்தைத் துடைத்தார்.

"வைப்பர் போட்டாச்சு மாப்ளே," என்றார். "போலாம்."

இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த கட்டையில் காலை அழுத்தி வைத்தார்.